இருபது அடி தூரத்து ஏரி

மனித விழியின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நிகழ்ச்சிகள் மூன்று. ஒன்று, கண் என்ற உறுப்பு தோன்றியது. இரண்டு, மூக்குக் கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று, மின்னசோட்டா மாநிலத்தின் எல்ம்குவிஸ்ட் நகரிலுள்ள ஹேல்வர்சன் பயிர்க் காப்பீட்டு நிறுவனம் போன அக்டோபரில் 'கண் நல வாரம்' கொண்டாடியது. முதல் இரண்டும் குழு அமைக்காமலே நடந்துவிட்டவை. ஆகவே அவற்றை மூன்றாவதற்கு ஒரு படி கீழே வைப்பதுதான் நியாயம்.

ஹேல்வர்சன் நிறுவனம் கண்ணை வைத்துப் பிழைக்கும் நிறுவனம். ஆலங்கட்டி மழை அடித்து மக்காச்சோளம் படுத்துவிட்டால் விவசாயி படம் எடுத்து அனுப்புவார். ஊழியர்கள் அதைத் திரையில் பெரிதாக்கி, இலை எவ்வளவு கிழிந்தது, தட்டை எவ்வளவு முறிந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். காலையில் திரைமேல் வைத்த பார்வை மாலை வரை வேறெங்கும் போகக் கூடாது. போனால் மேலாளர் லைல் பெர்க்வால் வருத்தப்படுவார். அவர் திட்டுகிற ஆள் இல்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. "ஓ, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நமக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குத் திட்டே தேவலை.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒரு நலக்குழு இருப்பதும், அதற்கு டாரா ஹைன்ஸ் என்ற உற்சாகமான பெண் தலைமை வகிப்பதும் இயற்கை. முந்தின வருடம் அவர் 'முதுகு வாரம்' நடத்தினார். அதில் நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டதில் பல பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் குழு முதுகை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வந்தது.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ, இருபது அடி தள்ளி இருக்கற ஒரு பொருள, இருபது விநாடி பாக்கணும். உலகம் பூரா கண் டாக்டருங்க சொல்றது இதுதான்," என்று டாரா கூட்டத்தில் அறிவித்தார். "மணி அடிக்கும். எல்லாரும் பாக்கறோம்!"

டுவேன் குட்ச் கையைத் தூக்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல், ஊருக்குக் கொஞ்சம் ஒத்துவராத ஆள். "டாரா, என் தடுப்புச் சுவரு என் மூக்குலேர்ந்து ரெண்டடி. இருபது அடிக்கு நான் எங்க போறது?"

"அருமையான கேள்வி. ரொம்ப நன்றி டுவேன்."

"அப்ப பதிலு?"

"கேள்விக்குத்தான் நன்றி சொன்னேன்."

எழுந்து நின்று பார்க்கலாம் என்று முதலில் முடிவாயிற்று. அப்படி எழுந்து நின்றால் தடுப்புகளுக்கு மேலே, அளந்து வைத்தது போல இருபது அடியில், லைலின் கண்ணாடி அறை இருந்தது. ஒத்திகை நாளன்று மணி அடித்தது. மொத்த இலாகாவும் எழுந்து, கண் நலத்துக்காக, லைலை இருபது விநாடி உற்றுப் பார்த்தது. அவர் கடித்திருந்த சாண்ட்விச் வாய்க்குள்ளேயே நின்றது. அடுத்த மணிக்கு அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மூன்றாவது மணிக்குக் குழுவை அவசரமாகக் கூட்டினார்.

"கண்ணு முக்கியந்தான். நான் இல்லேங்கல. ஆனா வேற எதையாவது பாக்க முடியுமான்னு யோசிக்கலாமே," என்றார்.

யோசித்தார்கள். ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் சுப்பீரியர் ஏரியின் படம் ஒன்று ஒட்டப்பட்டது. இடது பக்கம் ஒரு பாய்மரப் படகு, நடுவில் பைன் மரங்கள் அடர்ந்த தீவு, வலது பக்கம் பாறைமேல் கலங்கரை விளக்கம், பின்னால் கண்ணுக்கெட்டாத நீர்.

"படம் ரெண்டடியிலதானே இருக்கு?" என்றார் டுவேன்.

"படம் ரெண்டடி. ஏரி எத்தன மைலு?" என்று டாரா கேட்டார். "இருபது அடிக்கு மேல இருக்கா இல்லியா? விதி கேட்டதுக்கு மேலேயே நாம செய்யறோம், டுவேன்."

திங்கட்கிழமை வாரம் தொடங்கியது. டோனட் இருந்த தட்டில் கேரட் வந்தது. மணி அடித்தது. எல்லோரும் மூக்குக்கு நேரே இருந்த தொலைதூரத்தைப் பார்த்தார்கள்.

ஆர்டிஸ் டோர்விக் என்ற அம்மாளும் பார்த்தார். ஆலங்கட்டி இலாகாவில் மிகவும் மூத்தவர் ஆர்டிஸ். கிழிந்த இலை ஒன்றைக் காட்டினால், கிழித்தது ஆலங்கட்டியா காற்றா என்று ஒரே பார்வையில் சொல்வார். ஊருக்கு வெளியே சரளைக்கல் சாலையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். கார் ஓட்டாவிட்டால் ரொட்டி கூட வாங்க முடியாத இடம். அவர் சம்பாதித்துச் சேர்த்ததில் பாதி அந்த வீடு, பாதி அந்தப் பார்வை.

மணிச் சத்தம் ஓய்ந்ததும் அவருடைய இடது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. டாரா கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்ததால், தன்னைப் படம் எடுத்துவிட்டார் என்று ஆர்டிஸ் நினைத்தார். லேசாகச் சிரித்தும் வைத்தார். டாரா வெளியே சாப்பிடப் போன பிறகும் படம் எடுப்பது நிற்கவில்லை. பிற்பகலில் கண்முன்னே கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. ஆர்டிஸ் கையால் விரட்டினார்.

"என்னா ஆர்டிஸ், கொசு வெரட்டற? அக்டோபர்ல?" என்று பக்கத்துத் தடுப்பிலிருந்து டுவேன் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல."

"கண்ணு ஏதும் தொந்தரவா?"

"மோசமில்ல."

இந்த 'மோசமில்ல' என்ற சொல்லைப் பற்றி மரியாதையோடு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எல்ம்குவிஸ்ட்டில் இது எல்லாக் கேள்விக்கும் பதில். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மோசமில்லை. களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தாலும் மோசமில்லை. இதற்கு மேல் சொன்னால் சந்தோஷத்தில் பீற்றிக்கொள்வதாகவும், துக்கத்தில் அடுத்தவரைத் தொந்தரவு செய்வதாகவும் ஆகும். இரண்டையும் விட உயிரை விடுவது நாகரிகம் என்று அங்கே கருதப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தபோது ஆர்டிஸ் வலது கண்ணை மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திரை ஒன்று இறங்கியிருந்தது. படகைக் காணோம். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார்; படகு பத்திரமாக மிதந்தது. மறுபடி மாற்றிப் பார்த்தார். காணோம். பயம் வந்தது. பிறகு, தன்னால் வேலை தாமதமாகிறதே என்ற வெட்கம் வந்து அந்தப் பயத்தை மூடியது.

அந்தப் பக்கம் வந்த டாரா இந்தக் காட்சியைக் கண்டு அசந்து நின்றார். மற்றவர்கள் மணி அடித்தால் கடனே என்று பார்க்கிறார்கள். இந்த அம்மாள் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, மணி அடிக்காத நேரத்திலும் ஏரியை விடாமல் பார்க்கிறார்.

"ஆர்டிஸ்! இப்படி ஒரு ஈடுபாட்ட நான் பாத்ததே இல்ல!"

"ஓ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒரு ஒரு கண்ணா பாக்கறீங்களே, அது நீங்களா கண்டுபிடிச்சதா?"

"தானா வந்துச்சு."

அன்று மாலையே ஆர்டிஸ் 'கண் நல முன்னோடி' என்று அறிவிக்கப்பட்டார். வெள்ளிக்கிழமை பொதுவிருந்தில் பாராட்டுக் கேடயம் தருவதாகவும் முடிவாயிற்று.

புதன்கிழமை மதியம் ஆர்டிஸ் காரில் உட்கார்ந்துகொண்டு கண் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்த பெண்ணுக்கு டெக்சாஸ் பேச்சு. அந்த மாதம்தான் வந்து சேர்ந்தவள்.

"வழக்கமான சோதனைன்னா பிப்ரவரிலதான் இடமிருக்கும்மா. ஏதாச்சும் அவசரமா?"

"அவசரம்னு இல்ல. ஒரு திரை மாதிரி கொஞ்சம் தெரியுது. அவ்வளவுதான்."

"திரையா? அப்ப இன்னிக்கே வாங்களேன். மூணு மணிக்கு ஒரு இடம் காலியாயிருக்கு."

"ஐயய்யோ, வேணாம் வேணாம். வேற யாருக்காவது தேவப்படும்."

"நெசமாவா? மூணு மணி சும்மாதான் கெடக்குது."

"இல்லம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

எல்ம்குவிஸ்ட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த முறை இது. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்க வேண்டும். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். கேக்கானாலும், காரில் ஏற்றிப்போவதானாலும், கண்ணானாலும் இதுதான் ஒழுங்கு. ஆர்டிஸ் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தார். 'சரி, நீங்க இவ்வளவு சொல்றதால' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

"அப்ப சரிம்மா, பிப்ரவரி போட்டுர்றேன். நல்லாருங்க!" என்று டெக்சாஸ் பெண் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லக் கூடாது. அவள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை தீவு போயிற்று. நட்ட நடுவில் இருந்த தீவு. நேராகப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. ஆர்டிஸ் எழுந்து லைலின் கண்ணாடி அறைக்குப் போனார். வாசலிலேயே நின்றார், அந்த ஊரில் முக்கியமான பேச்செல்லாம் வாசலில்தான்.

"லைல், நாளைக்குக் காலைல கொஞ்சம் வெளிய போய்ட்டு வரட்டுமா? கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

லைல் கவலைப்பட்டார். ஆனால் கண்ணைப் பற்றி அல்ல. "ஒரு மாதிரின்னா? கண் நல வாரத்துல போயி கண்ணு ஒரு மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும், ஆர்டிஸ்? இந்த வாரம் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லேன்னு மேல சொல்லிட்டோமே. அதுலயும் நீங்க முன்னோடி."

"அது புரியுது. நான் சும்மா..."

"நாளைக்குக் கண் டாக்டர் ஹாகனே இங்க பேச வர்றாரு! நீங்க எதுக்கு அங்க போகணும்? நீங்க வெளிய போயிட்டா டாக்டர் யாரைப் பாராட்டுவாரு?"

அதில் நியாயம் இருந்தது. மருத்துவரைப் பார்க்கப் போனால் மருத்துவரைப் பார்க்க முடியாமல் போய்விடும். ஆர்டிஸ் நன்றி சொல்லிவிட்டு இடத்துக்குத் திரும்பினார். அன்று ஆலங்கட்டி கிழித்த வயல் ஒன்றைக் காற்று கிழித்ததாக எழுதிவிட்டு, மூன்றாம் முறை பார்த்துத்தான் திருத்தினார். அதுவரை அப்படி ஒரு தப்பை அவர் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. உணவுக்கூடத்தில் ஏரிப் படம் சுவரளவுக்குப் பெரிதாக மாட்டப்பட்டிருந்தது. மேசை முழுக்க, உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ் பாத்திரங்கள். டாக்டர் ஹாகன், பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த சாதுவான மனிதர், திரையில் படம் போட்டுப் பேசினார். எழுத்துகள் எறும்பு அளவு. பின் வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எழுத்து தெரியவில்லை என்று சொல்லி டாக்டர் மனதைப் புண்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கண் பரிசோதனை செய்கிறவர் போட்ட எழுத்தைப் படிக்க முடியாமல் மொத்த நிறுவனமும் தலையாட்டியது.

கேடயம் வாங்குகிறவர் என்பதால் ஆர்டிஸ் முதல் வரிசையில் இருந்தார். வலது கண்ணால் படித்தார். வெளிச்சம் பளிச்சிடுதல். கறுப்புப் பொட்டுகள். திரை இறங்குதல். இவை விழித்திரை பிய்ந்துகொண்டு வருவதற்கு அடையாளம். அன்றைக்கே மருத்துவரிடம் வர வேண்டும். தாமதித்தால் பார்வை திரும்பாது. 'அன்றைக்கே' என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தது.

"இதுல ஏதாவது உங்க யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். கேட்கும்போது, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆர்டிஸைத்தான் பார்த்தார்.

"இல்ல இல்ல," என்றார் ஆர்டிஸ்.

"நெசமாத்தானே?"

"மோசமில்ல, டாக்டர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

டாக்டர் உள்ளூர்க்காரர். முறை தெரிந்தவர். மூன்றாவது தடவை கேட்பதற்காக வாயைத் திறந்தார். மணி அடித்தது.

எல்லோரும் எழுந்தார்கள். ஏரியின் பக்கம் திரும்பினார்கள். மரியாதைக்காக டாக்டரும் திரும்பினார். இருபது விநாடி ஒரு தட்டு கூட சத்தம் போடவில்லை. விழிகளைக் காக்கும் அந்தப் புனித அமைதியில் ஒரு விழி போய்க்கொண்டிருந்தது.

மணி ஓய்ந்ததும் லைல் முந்திக்கொண்டு கேடயத்தை எடுத்தார். "ஆர்டிஸ் மாதிரி இந்த ஏரியப் பாத்தவங்க யாருமில்ல. அதுல நீங்க என்ன பாத்தீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

கேட்டது லைல்தான், கேட்டது என்னவென்று அவருக்கே தெரியாது. ஆனாலும் இது மூன்றாவது தடவை. முறைப்படி இப்போது உண்மையைச் சொல்லலாம்.

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால," என்று ஆர்டிஸ் ஆரம்பித்தார். "செவ்வாய்க்கிழம படகு போச்சு. நேத்து தீவு போச்சு. இன்னிக்குக் காலைல கலங்கர வெளக்கம் போச்சு. இப்ப ஏரியும் இல்ல. எல்லாம் சாம்பலா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

கூடம் முழுக்கப் பலத்த கைதட்டல்.

"கவித மாதிரி இருக்கு," என்று டாரா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கவிதயாவது மண்ணாவது! அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலய்யா!" என்று டுவேன் கத்தினார். அந்தக் கட்டடத்தில் ஒருவர் கத்தியது அதுவே முதல் முறை. ஆனால் அதற்குள் டாக்டர் ஹாகன் ஹாட்டிஷ் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆர்டிஸின் கையைப் பிடித்திருந்தார். கோட்டு கூட மாட்டிக்கொள்ளாமல் தன் காரிலேயே மினியாபொலிஸுக்குக் கூட்டிப் போனார். கேடயம் மேசைமேலேயே இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் காற்றுக்குமிழி வைத்துத் தைத்து, நாள் முழுக்கக் குப்புறக் கிடக்கச் சொன்னார்கள். லைல் ஹாட்டிஷோடு வந்து ஆர்டிஸின் பின்னந்தலையோடு பேசினார்.

"எப்படி இருக்கீங்க?"

"புதன்கிழம வந்திருந்தா முழுசாக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க," என்றார் ஆர்டிஸ் தரையைப் பார்த்து. "இப்ப அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியுமாம்."

லைல் ஹாட்டிஷைக் கீழே வைத்துவிட்டு அறை வாசலுக்குப் போய் நின்றார். அங்கிருந்து, "மோசமில்லதான்," என்றார்.

"மோசந்தான், லைல்," என்றார் ஆர்டிஸ்.

நலக்குழு இந்த நிகழ்ச்சியை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட நேரம் ஆராய்ந்து தவறு எங்கே என்று கண்டுபிடித்தது. தவறு படத்தில் இருந்தது. படகு, தீவு, கலங்கரை விளக்கம் என்று ஒரே படத்தில் அத்தனை பொருள்கள் இருந்ததால்தான் ஒன்றொன்றாக மறைவது ஊழியருக்குத் தெரிந்து மனக்கலக்கம் உண்டாயிற்று. ஆர்டிஸ் வேலைக்குத் திரும்பிய அன்று எல்லாத் தடுப்புகளிலும் புதுப்படம் இருந்தது. அதே ஏரிதான், பனிமூட்டமான ஒரு காலையில் எடுத்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை வெறும் சாம்பல்.

"மனசுக்கு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!" என்றார் டாரா. லைலும் பக்கத்தில் நின்றார்.

ஆர்டிஸ் இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரியுது," என்றார். "இப்ப நானும் உங்கள மாதிரி ஆயிட்டேன்."

அன்றிலிருந்து ஆர்டிஸ் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். மணி அடித்ததும் மற்றவர்கள் மூடுபனியைப் பார்க்க, அவர் எழுந்து நின்று, இருபது அடி தூரத்தில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் லைலை, மிச்சமிருக்கும் கண்ணால் இருபது விநாடி பார்க்கிறார். டுவேனும் கூடவே எழுந்து நிற்கிறார். அந்த வாரத்துக்குள் லைல் தன் அறைக்கு ஒரு திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். சாம்பல் நிறம். இடது ஓரத்திலிருந்து இழுத்தால் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும்.

"என்னா லைல், கண்ணு ஏதும் தொந்தரவா?" என்று டுவேன் கேட்டார்.

"மோசமில்ல," என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.